டட்லி சேனநாயக்க: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெள்ளவத்தையில் உயர்தர மாணவர்களுக்கு மாலை நேரத்தில் அரசியல் விஞ்ஞானம் சொல்லிக்கொடுக்கிறேன். 1965 ஆம் ஆண்டு டட்லி-செல்வா ஒப்பந்தப் பாடம் (டட்லிக்கும் தமிழரசுக் கட்சித் தலைவர் செல்வநாயகத்துக்கும் இடையிலானது) வரும்போதெல்லாம் பிள்ளைகள் கேட்கும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றேதான். பிள்ளையைக் கூட்டிப்போக வரும் அப்பாமாரும் தாத்தாமாரும் வாசலில் நின்று கேட்பவை வேறு ரகம். இரண்டையும் சேர்த்து இங்கே எழுதிவைக்கிறேன். பரீட்சைக் குறிப்பு மட்டும் தேடுபவர்கள் ஆண்டுகளைப் பொறுக்கிக்கொண்டு போகலாம். மற்றவர்களுக்கு என் அபிப்பிராயமும் நடுவில் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

யார் இந்த டட்லி? சுருக்கமாகச் சொல்லுங்கள், சேர்.

சுதந்திர இலங்கையின் முதல் பிரதமர் டி.எஸ். சேனநாயக்கவின் மூத்த மகன். 1911 ஜூன் 19 இல் பிறந்தார். படித்தது சென் தோமஸ் கல்லூரியில், அங்கே கிரிக்கெட் அணித் தலைவர். பிறகு கேம்பிரிட்ஜில் இயற்கை விஞ்ஞானம் படித்தார், பாரிஸ்டராகவும் தேறினார். 1936 இல் தெடிகம தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குத் தெரிவானபோது வயது 25 கூட ஆகவில்லை. 1947 இல் தகப்பனின் அமைச்சரவையில் விவசாய, காணி அமைச்சர். அதன்பின் மூன்று தடவை பிரதமர்: 1952 முதல் 1953 வரை, 1960 இல் நான்கே மாதம், 1965 முதல் 1970 வரை. ஐந்து ஆண்டு முழுதாக இருந்தது கடைசித் தடவை மட்டுமே.

தகப்பனுக்குப் பிறகு மகன். வாரிசு அரசியல் அங்கேதான் தொடங்கியதா?

1952 மார்ச் 21 காலை டி.எஸ். காலிமுகத்திடலில் குதிரை ஓடிக்கொண்டிருந்தபோது கீழே விழுந்தார். மறுநாள் காலமானார். அடுத்த பிரதமர் சேர் ஜோன் கொத்தலாவலதான் என்று பலரும் நினைத்தார்கள். அமைச்சரவையில் மூத்தவர் அவர், தானே அடுத்தவர் என்பதில் அவருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. மகாதேசாதிபதி சோல்பரிப் பிரபு அப்போது நாட்டில் இல்லை. திரும்பி வந்து டட்லியை அழைத்தார். மார்ச் 26 அன்று டட்லி பதவியேற்றார்.

சேர் ஜோன் ஒருபோதும் இதை மறக்கவில்லை. பதவிக்காக நடந்த இழுபறியைக் கிண்டலடித்து ஒரு அநாமதேயப் பிரசுரம் கைக்குக் கை மாறியது. எழுதியது அவர்தான் என்று கொழும்பே பேசிக்கொண்டது.

டட்லியும் சேர் ஜோனும் தூரத்து உறவு, ஜே.ஆர். ஜயவர்தனவும் உறவு. அதனால்தான் அவர்களுடைய ஐக்கிய தேசியக் கட்சியின் (ஐ.தே.க.) ஆங்கிலச் சுருக்கமான யூ.என்.பி. என்பதை 'அங்கிள் நெவ்யூ பார்ட்டி' என்று விரித்துச் சொல்லிச் சிரித்தார்கள். மாமன் மருமகன் கட்சி. ஆகவே வாரிசு அரசியலா என்றால், ஆம். ஆனால் இந்த வாரிசு நாற்காலியை இழுத்து எடுத்தவர் இல்லை, தயங்கித் தயங்கி உட்கார்ந்தவர். அந்தத் தயக்கம் அவருடைய அரசியல் வாழ்க்கை முழுவதும் கூடவே வந்தது. சொல்லப்போனால் இந்தப் பக்கத்தில் நான் எழுதுவதெல்லாம் அந்தத் தயக்கத்தின் கதைதான்.

அரிசி விலையால் ஒரு பிரதமர் எப்படி விழுவார்?

இந்த நாட்டில் விழுவார். 1952 மே மாதம் நடந்த தேர்தலில் ஐ.தே.க. 95 இடங்களில் 54 ஐ வென்றது. பங்கீட்டு அரிசி கொத்து (அரிசி அளக்கும் படி) 25 சதத்துக்கே தொடரும் என்பது தேர்தல் மேடையில் கொடுத்த வாக்கு. கொரிய யுத்தத்தின்போது ஏறிய இறப்பர் விலை அந்த நேரம் பார்த்து இறங்கியது, உலகச் சந்தையில் அரிசி விலை ஏறியது. திறைசேரி காலியாகத் தொடங்கியது.

1952 டிசம்பரில் சீனாவுடன் இறப்பர்-அரிசி ஒப்பந்தம் கையெழுத்தானது. ஆண்டுக்கு 50,000 தொன் இறப்பர் கொடுத்து 270,000 தொன் அரிசி வாங்கும் ஐந்தாண்டு ஏற்பாடு. கம்யூனிச எதிர்ப்பு பேசிய அரசாங்கம் கம்யூனிச சீனாவுடன் வியாபாரம் செய்தது, அமெரிக்காவுக்குப் பிடிக்கவில்லை. நல்ல முடிவுதான், ஆனாலும் அது மட்டும் போதவில்லை.

1953 ஜூலையில் நிதியமைச்சர் ஜே.ஆர். கொத்து 25 சதமாக இருந்த அரிசியை 70 சதமாக்கினார். பள்ளிப் பிள்ளைகளின் மதிய உணவு நின்றது. ரயில் கட்டணமும் தபால் கட்டணமும் கூடின. அடுப்பங்கரை வரை போன வரவுசெலவுத் திட்டம் அது.

ஓகஸ்ட் 12 அன்று இடதுசாரிக் கட்சிகள் ஹர்த்தாலுக்கு அழைத்தன. கொழும்பிலும் தென்மேற்குக் கரையோரத்திலும் தண்டவாளங்கள் கழற்றப்பட்டன, வீதிகள் மறிக்கப்பட்டன. பொலிஸ் சுட்டதில் சுமார் 10 பேர் இறந்தார்கள். அவசரகாலநிலையும் ஊரடங்கும் வந்தன.

கப்பலில் அமைச்சரவை கூடியது உண்மையா?

உண்மை. கொழும்புத் துறைமுகத்தில் நின்ற 'நியூபவுண்ட்லாண்ட்' என்ற பிரித்தானியப் போர்க்கப்பலில் கூடினார்கள். சுதந்திரம் கிடைத்து ஐந்தரை வருடம், சொந்த மக்களுக்குப் பயந்து பழைய எசமானின் கப்பலில் ஏறி உட்கார்ந்த அரசாங்கம். எந்த வகுப்பில் சொன்னாலும் பிள்ளைகள் சிரிப்பார்கள். நானும் சிரிக்காமல் சொல்லி முடித்ததில்லை.

அதற்காக ராஜினாமா செய்தது சரியா? பயந்து ஓடினாரா?

1953 ஒக்டோபர் 12 அன்று விலகினார். வயிற்று நோய் அவரை வெகுநாளாக வாட்டியது, உடல்நிலையும் காரணம். ஆனால் தன் அரசாங்கத்தின் துப்பாக்கிக்குப் பலியானவர்களை அவரால் சுலபமாகத் தள்ளிவைக்க முடியவில்லை என்பதே பரவலான நம்பிக்கை. எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது.

இன்று எந்த அமைச்சர் எதற்காக ராஜினாமா செய்கிறார் என்று ஒரு தாத்தா வாசலில் நின்று என்னைக் கேட்டார். அது நியாயமான கேள்வி. ஆனால் மறுபக்கமும் இருக்கிறது. விலை ஏற்றத்தை முன்மொழிந்தவர் அமைச்சரவையில் இருந்துகொண்டே இருந்தார், அதற்கு மனம் நொந்தவர் வெளியே போனார். அடுத்து வந்த சேர் ஜோன் அரிசியை 55 சதமாகக் குறைத்துவிட்டு நல்ல பெயர் எடுக்கப் பார்த்தார். போகிற போக்கில் தமிழ்க் காங்கிரஸ் தலைவர் ஜீ.ஜீ. பொன்னம்பலத்தையும் அமைச்சரவையிலிருந்து கழற்றிவிட்டார்.

மலையகத் தமிழருக்கு டட்லி என்ன செய்தார்? எங்கள் வீட்டில் அப்பப்பா பதுளைக்காரர், அவரிடம் பெயரைச் சொன்னாலே முகம் சுளிக்கிறார்.

அப்பப்பா முகம் சுளிப்பதில் நியாயம் உண்டு. தோட்டத் தொழிலாளரின் குடியுரிமையைப் பறித்த 1948 ஆம் ஆண்டுச் சட்டம் தகப்பனுடையது, ஆனால் மகனும் அந்த அமைச்சரவையில் இருந்தவர். மகன் பிரதமராகி நடத்திய 1952 தேர்தலில் தோட்ட மக்கள் வாக்காளர் இடாப்பிலிருந்து நீக்கப்பட்டிருந்தார்கள். 1947 இல் பாராளுமன்றத்தில் அவர்களுக்குப் பிரதிநிதிகள் இருந்தார்கள், 1952 இல் ஒருவர்கூட இல்லை. தோட்டத் தொழிலாளரின் அமைப்பான இலங்கை இந்தியக் காங்கிரஸ் கொழும்பில் பிரதமர் அலுவலகத்தின் முன்னால் மாதக்கணக்கில் சத்தியாக்கிரகம் இருந்தது. ஒன்றும் அசையவில்லை.

1953 இல் எலிசபெத் மகாராணியின் முடிசூட்டுக்காக லண்டன் போனபோது நேருவும் டட்லியும் பேசினார்கள். ஒரு பகுதியினருக்குக் குடியுரிமை, இன்னொரு பகுதியினருக்கு நிரந்தர வதிவிட அனுமதி, மிச்சப் பேரை இந்தியா ஏற்க வேண்டும் என்பது டட்லியின் யோசனை. விருப்பமில்லாதவர்களைக் கட்டாயமாக அனுப்புவதற்கு நேரு சம்மதிக்கவில்லை. பேச்சு முறிந்தது.

இரண்டாவது பக்கம் 1965 க்குப் பிறகு வருகிறது. மலையகத் தலைவர் தொண்டமான் அந்த அரசாங்கத்தை ஆதரித்தார், நியமன உறுப்பினராகப் பாராளுமன்றம் போனார். 1964 இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் செய்த சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தப்படி 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு. அதாவது இந்தியா ஏழு பேரை ஏற்றால் இலங்கை நான்கு பேரை ஏற்கும். இதை நடைமுறைப்படுத்த 1967 இல் டட்லி அரசாங்கம் கொண்டுவந்த சட்டத்தில் ஒரு சின்ன விஷயம், ஆனால் பெரிய விஷயம். ஏழு பேருக்கு இந்தியக் குடியுரிமை பதிவானாலே போதும், நான்கு பேருக்கு இங்கே குடியுரிமை கொடுக்கலாம் என்றது அது. அந்த ஏழு பேர் கப்பல் ஏறும்வரை காத்திருக்கத் தேவையில்லை. 1971 இல் அடுத்த அரசாங்கம் அதை மாற்றி, ஆட்கள் உண்மையில் நாட்டைவிட்டுப் போன பிறகே இங்கே குடியுரிமை என்று ஆக்கியது. அப்பப்பாவிடம் இதையும் சொல்லிப் பாருங்கள். முகம் மாறுமா என்று எனக்குத் தெரியாது.

1960 இல் ஒரு மாத அரசாங்கம் என்கிறார்களே?

இடையில் ஒரு வரி: 1956 தேர்தலில் டட்லி போட்டியிடவில்லை, ஐ.தே.க. எட்டே இடங்களுக்குச் சுருங்கியது. 1957 இல் திரும்பி வந்து கட்சித் தலைவரானார்.

1960 மார்ச் தேர்தலில் ஐ.தே.க.வுக்கு 50 இடம், ஸ்ரீலங்கா சுதந்திரக் கட்சிக்கு (ஸ்ரீ.ல.சு.க.) 46, தமிழரசுக் கட்சிக்கு 15. யாருக்கும் பெரும்பான்மை இல்லை. தராசின் முள் செல்வநாயகத்தின் கையில். அவர் பிராந்திய சுயாட்சி, மொழி, குடியுரிமை என்று கோரிக்கைகளை வைத்தார். டட்லி ஏற்கவில்லை. மார்ச் 21 இல் பதவியேற்றவர் ஏப்ரல் 22 இல் சிம்மாசன உரை மீதான வாக்கெடுப்பில் தோற்றார். ஆனாலும் அடுத்த தேர்தல் வரை பதவியில் இருந்தார், நான்கு மாதக் கணக்கு அப்படி வந்தது. ஜூலைத் தேர்தலில் ஸ்ரீ.ல.சு.க.வின் சிறிமாவோ 75 இடங்களோடு வந்து உலகின் முதல் பெண் பிரதமரானார். தமிழரசுக் கட்சிக்கு அதனால் என்ன கிடைத்தது என்பது வேறு பாடம், அது இன்னும் கசப்பு.

டட்லி-செல்வா ஒப்பந்தத்தில் என்னதான் இருந்தது?

பாடப்புத்தகத்தில் ஐந்து வரியில் முடித்துவிடுகிறார்கள். கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம்.

1964 டிசம்பரில் சிறிமாவோ அரசாங்கம் ஒரே வாக்கால் விழுந்தது. 1965 மார்ச் 22 தேர்தல். ஐ.தே.க. 66, ஸ்ரீ.ல.சு.க. 41, தமிழரசு 14. தேர்தலில் தெரிவாகும் இடங்கள் மொத்தம் 151. 66 ஐ வைத்துக்கொண்டு ஆட்சி அமைக்க முடியாது. இரண்டே நாளில், மார்ச் 24 அன்று, கொழும்பில் டட்லியும் செல்வநாயகமும் கையெழுத்திட்டார்கள். விஷயங்கள் நான்கு.

முதலாவது, 1958 இன் தமிழ்மொழி விசேட ஏற்பாடுகள் சட்டத்தை உடனே செயற்படுத்துவது, வடக்கு கிழக்கில் தமிழே நிர்வாக மொழியாகவும் பதிவு மொழியாகவும் இருக்கும்படி. இரண்டாவது, அங்குள்ள நீதிமன்றங்களில் தமிழில் வழக்கு நடத்தவும் பதியவும் சட்டத்தைத் திருத்துவது. மூன்றாவது, மாவட்ட சபைகள். அவற்றின் அதிகாரங்கள் பின்னர் இருவரும் பேசித் தீர்மானிப்பவை. தேசிய நலன் கருதி மத்திய அரசாங்கம் அந்தச் சபைகளுக்குப் பணிப்புரை கொடுக்கலாம் என்ற வாசகமும் கூடவே. நான்காவது, குடியேற்றத் திட்டங்களில் காணி கொடுக்கும் வரிசை. வடக்கு கிழக்கில் முதலில் அந்தந்த மாவட்டத்துக் காணியற்றவர்களுக்கு, அடுத்து அவ்விரு மாகாணங்களில் வாழும் தமிழ் பேசுவோருக்கு, அதற்குப் பிறகே மற்றப் பிரசைகளுக்கு. அந்த மற்றவர்களிலும் ஏனைய மாகாணங்களில் வாழும் தமிழருக்கு முன்னுரிமை.

கவனியுங்கள், சமஷ்டி என்ற சொல்லே இல்லை. பிராந்திய சபைகூட மாவட்ட சபையாக இறங்கிவிட்டது. அன்றைய பிரதமர் பண்டாரநாயக்கவுடன் செல்வநாயகம் செய்த 1957 இன் பண்டா-செல்வா ஒப்பந்தத்தைவிடச் சிறிய உடுப்பு. அதையாவது போட்டுக்கொள்ளலாம் என்று தந்தை செல்வா நினைத்தார்.

ஒப்பந்தம் அப்போது பகிரங்கமாக வெளியிடப்படவில்லை. அதுவே வினையானது. மூடிவைத்த பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று யார் வேண்டுமானாலும் எதையும் சொல்லலாம் அல்லவா?

1957 ஒப்பந்தத்தை எதிர்த்தவர் 1965 இல் எப்படிக் கையெழுத்திட்டார்?

கணக்குத்தான். பண்டாரநாயக்க செல்வநாயகத்துடன் உடன்பட்டபோது டட்லி தலைமையிலான ஐ.தே.க. அதை எதிர்த்துப் பிரசாரம் செய்தது, ஜே.ஆர். கண்டிக்கு யாத்திரை புறப்பட்டார். அந்த யாத்திரை இம்புல்கொடயில் மறிக்கப்பட்டுத் திரும்பியது. 1965 இல் பாத்திரங்கள் இடம் மாறின. எதிர்க்கட்சியில் இருப்பவர் தமிழருக்கு எதையும் கொடுக்கவிடமாட்டார், ஆளுங்கட்சியில் இருப்பவருக்குத் தமிழரின் கை தேவைப்படும். மேடை ஒன்று, வேஷம் மட்டும் மாறும். டட்லி இந்தக் கூத்தில் மோசமானவர் இல்லை என்று வாதிடுபவர்கள் உண்டு. ஆனால் 1957 இல் அவர் வாயை மூடிக்கொண்டிருந்தாலே 1965 இல் அவருக்கு வேலை இருந்திருக்காது.

மசால வடைக் கதை என்ன?

எல்லாத் தாத்தாமாருக்கும் தெரிந்த கதை. 1966 ஜனவரி 8 அன்று தமிழ்மொழி ஒழுங்குவிதிகள் பாராளுமன்றத்துக்கு வந்தன. புதிதாக ஒன்றுமில்லை, பண்டாரநாயக்க 1958 இல் நிறைவேற்றிய சட்டத்துக்கு எட்டு வருடம் கழித்து எழுதிய விதிகள். அதற்கு எதிராக ஸ்ரீ.ல.சு.க.வும் இடதுசாரிக் கட்சிகளும் பிக்குமாரும் கொழும்பில் ஊர்வலம் போனார்கள். கோஷம்: 'டட்லிகே படே மசால வடே'. டட்லியின் வயிற்றில் மசால வடை. சாப்பாட்டுப் பிரியர் என்று பெயர் எடுத்தவர், வயிற்று நோய்க்காரர், இப்போது தமிழனின் வடையையும் விழுங்கிவிட்டார் என்று மூன்றையும் ஒரே வரியில் போட்டுவிட்டார்கள். கோஷம் என்ற அளவில் கெட்டிக்காரத்தனம்தான், ஒத்துக்கொள்கிறேன்.

வலிக்கும் இடம் வேறு. பத்து வருடம் முன்பு சிங்களத்துக்கும் தமிழுக்கும் சம அந்தஸ்து கேட்டு அடிவாங்கிய இடதுசாரிகளும் அந்த ஊர்வலத்தில் நின்றார்கள்.

கொள்ளுப்பிட்டியில் பொலிஸ் சுட்டதில் ஒரு பிக்கு இறந்தார். அவசரகாலநிலை அறிவிக்கப்பட்டது. அப்போது என் அப்பா கோட்டையில் கிளார்க். பஸ்ஸை நம்பாமல் கரையோரத் தண்டவாளத்தால் வெள்ளவத்தை வரை நடந்தே வீடு வந்தாராம். பம்பலப்பிட்டி தாண்டும்வரை யாருடனும் தமிழில் பேசவில்லை என்று சொல்வார். வடை என்ற சொல்லைக் கேட்டால் கடைசிக் காலத்திலும் ஒரு மாதிரித்தான் சிரிப்பார். வடையை மட்டும் விட்டவரில்லை.

கடைசியில் ஒப்பந்தத்தில் எது நிறைவேறியது?

ஒழுங்குவிதிகள் நிறைவேறின, தாளில். அமுல்படுத்துவது ஆமை வேகம்.

மாவட்ட சபைகள் விஷயத்தில் நடந்ததைச் சொல்லியே ஆக வேண்டும். தமிழரசுக் கட்சி சார்பில் மு. திருச்செல்வம் செனட் சபை வழியாக உள்ளூராட்சி அமைச்சரானார். முன்னாள் சொலிசிற்றர் ஜெனரல், சட்டம் தெரிந்த மனிதர். மூன்று வருடம் வரைவு எழுதினார்கள், திருத்தினார்கள், மறுபடி எழுதினார்கள். 1968 இல் வெள்ளை அறிக்கை வெளிவந்தது. எதிர்க்கட்சியும் பிக்குமாரும் கிளம்பினார்கள், ஐ.தே.க.வின் பின்வரிசையிலும் முணுமுணுப்பு. டட்லி சட்டமூலத்தைக் கைவிட்டார். தன்னால் முடியவில்லை என்று ஒத்துக்கொண்டார் என்பார்கள். ஒத்துக்கொண்டது பெருந்தன்மையாகவே இருக்கட்டும், சபை எங்கே?

அதே ஆண்டு திருகோணமலைக் கோணேசர் கோயில் விவகாரம். பிரெட்ரிக் கோட்டைக்குள் இருக்கும் கோயில் சுற்றாடலைப் புனித பிரதேசமாக்குவது பற்றி ஆராயத் திருச்செல்வம் ஒரு குழு போட்டார். உள்ளூர்ப் பிக்கு ஒருவர் ஆட்சேபித்தார். பிரதமர் குழுவை நிறுத்தினார். 1968 செப்டெம்பரில் திருச்செல்வம் ராஜினாமா செய்தார், தமிழரசுக் கட்சியும் அரசாங்கத்தைவிட்டு வெளியேறியது. கவனித்தீர்களா, கட்சி போனது மாவட்ட சபைக்காக இல்லை, ஒரு கோயில் குழுவுக்காக. பெரிய ஏமாற்றத்தைப் பொறுத்துக்கொண்டவர்கள் சின்ன அவமானத்தைப் பொறுக்கவில்லை. வீடுகளிலும் இப்படித்தானே நடக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை வேலைநாளாக இருந்ததாமே, நம்பவே முடியவில்லை!

நம்புங்கள். 1966 இலிருந்து 1971 வரை வார விடுமுறை ஞாயிறு இல்லை, போயா. அமாவாசை, பௌர்ணமி, இடையில் இரண்டு அட்டமி. அதற்கு முந்திய நாள் அரைநாள் லீவு. சந்திரன் ஏழு நாள் கணக்குக்குக் கட்டுப்படாது என்பதால் சில வாரங்களுக்கு எட்டு நாள் வரும். கொட்டாஞ்சேனையில் கத்தோலிக்கர்கள் ஞாயிறு விடியற்காலைப் பூசை கண்டுவிட்டுக் கந்தோருக்கு ஓடினார்கள். வெளிநாட்டுக்குத் தந்தி அடித்தால் அங்கே லீவு, அங்கிருந்து பதில் வந்தால் இங்கே போயா. கலண்டர் பார்க்காமல் கொழும்பில் யாரும் கல்யாணம்கூட வைக்கவில்லை. எங்கள் வீட்டில் அம்மாவுக்கு மட்டும் ஒரு இலாபம், அட்டமி எப்போது என்று பஞ்சாங்கம் பார்க்கத் தேவையிருக்கவில்லை.

நல்லது ஒன்றுமே செய்யவில்லையா?

செய்தார். விவசாயம் அவருக்கு உண்மையான ஆசை. 1965 க்குப் பிறகு உணவு உற்பத்தி இயக்கத்தைத் தானே முன்னின்று நடத்தினார். புதிய நெல்லினங்கள், உரம், விவசாயக் கடன் என்று நெல் விளைச்சல் கண்ணுக்குத் தெரியக் கூடியது. மகாவலியைத் திசைதிருப்பும் பெருந்திட்டம் ஐக்கிய நாடுகள் உதவியோடு அவர் காலத்தில் வரையப்பட்டு, 1970 இல் பொல்கொல்லயில் வேலை தொடங்கியது. 30 வருடத் திட்டம். பிறகு ஜே.ஆர். அதைத் துரிதப்படுத்திப் பெயரையும் வாங்கிக்கொண்டார். மகாவலிக் குடியேற்றங்கள் பின்னாளில் தமிழருக்கு என்னவாகின என்பது தனிப் பாடம்.

அப்படியானால் 1970 இல் ஏன் தோற்றார்?

மறுபடியும் அரிசி. 1966 முடிவில் வாரம் ஆளுக்கு இரண்டு கொத்து பங்கீட்டு அரிசியை ஒரு கொத்தாகக் குறைத்தார்கள். அந்த ஒன்று இலவசம். கணக்குப் பார்த்தால் மோசமில்லை. ஆனால் கூப்பன் புத்தகத்தில் ஒரு கொத்து குறைந்தது குறைந்ததுதான். சந்திரனிலிருந்தாவது அரிசி கொண்டுவருவோம் என்று சிறிமாவோ தரப்பு சொன்னதாக இன்றும் பேசிக்கொள்கிறோம். மனிதன் சந்திரனில் கால்வைத்த மறுவருடம் என்பதால் பேச்சு எடுபட்டது.

தேர்தல் முடிவுதான் விசித்திரம். ஐ.தே.க.வுக்கு சுமார் 37.9 வீத வாக்கு, ஸ்ரீ.ல.சு.க.வுக்கு 36.9 வீதம். இடங்கள்? ஐ.தே.க. 17, ஸ்ரீ.ல.சு.க. 91. எதிரணி கூட்டணி போட்டுத் தொகுதிகளைப் பிரித்துக்கொண்டது, ஐ.தே.க. எங்கும் தனியாக நின்று சிதறியது. விகிதாசாரத் தேர்தல் முறை ஏன் வந்தது என்று பரீட்சையில் கேட்டால் இந்த நான்கு எண்களை எழுதுங்கள், மீதியைத் திருத்துபவர் புரிந்துகொள்வார்.

கல்யாணம் செய்யவில்லையாமே?

செய்யவில்லை. புகைக்குழாய், கமெரா, கோல்ப், பொரளையில் 'வூட்லண்ட்ஸ்' என்ற வீடு. இதற்குமேல் அவர் வீட்டுக்குள் எட்டிப்பார்க்க எனக்கு விருப்பமில்லை.

கொழும்பில் அவர் பெயரில் என்ன இருக்கிறது?

பொரளையில் டட்லி சேனநாயக்க மாவத்தை. முன்பு காசல் வீதி. பெயர் மாறினாலும் அங்குள்ள மகப்பேற்று ஆஸ்பத்திரியை எல்லாரும் இன்னும் காசல் வீதி ஆஸ்பத்திரி என்றே சொல்கிறார்கள். ஓட்டோக்காரரிடம் மாவத்தைப் பெயரைச் சொன்னால் 'காசல் ஸ்ட்ரீட்டா?' என்று திருப்பிக் கேட்பார்.

இறந்தபோது தமிழர்களும் அழுதார்களா?

1973 ஏப்ரல் 13, புத்தாண்டுக்கு முதல்நாள். மாரடைப்பு. வயது 61. பலகாரம் சுட்டுக்கொண்டிருந்த வீடுகளில் வானொலிச் செய்தி கேட்டு எண்ணெய்ச் சட்டியை இறக்கிவைத்தார்கள் என்று அம்மா சொல்வார், எங்கள் ஒழுங்கையிலும்தான். சுதந்திர சதுக்கத்தில் ஏப்ரல் 21 அன்று இறுதிச் சடங்கு. அப்படியொரு சனத்தைக் கொழும்பு கண்டதில்லை என்று பார்த்தவர்கள் சொல்கிறார்கள். மூன்று வருடம் முன்பு 17 இடங்களைக் கொடுத்துத் தோற்கடித்த அதே நாடு.

தமிழருக்கு அவர் நல்லவரா, கெட்டவரா? ஒரே சொல்லில்.

ஒரே சொல்லில் முடியாது, இரண்டு வசனம் தாருங்கள். அப்பா கடைசிவரை 'டட்லி நல்ல மனிசன்' என்றே சொன்னார், அதில் பொய்யில்லை. ஆனால் நல்ல மனிசன் கையெழுத்திட்டுவிட்டுத் தன் கட்சிக்காரர்களை எதிர்த்து நிற்கத் தயங்கினார், அந்தத் தயக்கத்துக்கு விலை கொடுத்தவர்கள் கட்சிக்காரர்கள் இல்லை.

பரீட்சையில் இதை எழுதாதீர்கள். சாதக பாதகம் இரண்டும் எழுதினால்தான் புள்ளி.

திகதிகளை நினைவில் வைக்க ஏதாவது வழி?

மார்ச் மாதத்தைப் பிடியுங்கள். தகப்பன் இறந்தது 1952 மார்ச் 22. முதல் பதவியேற்பு நான்கு நாள் கழித்து மார்ச் 26. இரண்டாவது 1960 மார்ச் 21. மூன்றாவது 1965 மார்ச் 25. அந்தத் தேர்தல் நடந்ததும் தகப்பன் இறந்த அதே மார்ச் 22, சரியாகப் பதின்மூன்று வருடம் கழித்து. ஒப்பந்தம் அதற்கு இரண்டு நாள் பிந்தி, மார்ச் 24. பதவியேற்பதற்கு முதல்நாள்.